படமும் எழுத்தும்: கட்டற்ற காணொளிக் கருவிகள் வளர்ந்த வரலாறு

வரலாறு என்றதும் முடியுடை மன்னரும் அவர்தம் போர்களும் மாணாக்கர் நெஞ்சில் முன்னிற்றல் இயல்பு. கருவிகளுக்கும் வரலாறு உண்டென்பதை நாம் வகுப்பறையில் அரிதாகவே எடுத்துரைக்கிறோம். அச்சுப்பொறியைப் பற்றிக்கூடத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவினார் என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்நிலையில், காணொளியை வெட்டவும் ஒட்டவும், ஒரு வடிவினின்று மற்றொரு வடிவிற்கு மாற்றவும், அதன் அடியில் எழுத்துகளைப் பொறிக்கவும் பயன்படும் மென்பொருள்களுக்கு வரலாறு எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாக இருக்கக்கூடும். எனக்கும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் அன்றிப் பிறிதொன்றை அறியாத ஆசிரியர்கள்கூடக் கைப்பேசியை மேசைமீது நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினர். பதிவு செய்ததை நறுக்க வேண்டியிருந்தது. மாணவர் வீட்டுக் கைப்பேசியில் திறக்குமளவிற்குச் சுருக்க வேண்டியிருந்தது. ஒலி தெளிவாக இல்லாத இடத்தில் எழுத்தால் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களுள் பலர் விலையின்றிக் கிடைத்த மென்பொருள்களைக் கொண்டே இவற்றையெல்லாம் செய்தனர். அவை ஏன் விலையின்றிக் கிடைக்கின்றன, யார் செய்தவை என்று ஒருவரும் வினவவில்லை. நானும் வினவவில்லை.

வினவத் தூண்டியது ஒரு பழைய ஒளிநாடா. தோட்டத்துப் பள்ளியொன்றின் முன்னாள் தலைமையாசிரியர், 1996ஆம் ஆண்டு நிகழ்ந்த பள்ளி விழாவில் ஏறத்தாழ ஒருமணி நேரம் ஆற்றிய உரை அதில் பதிவாகியிருந்தது. இரப்பர்ப் பால் காய்ச்சும் கொட்டகைக்கு அருகில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக அப்பள்ளி எழுந்த கதையை அப்பெரியவர் தம் வாயாலேயே கூறியிருந்தார். பின்னாளில் தோட்டம் விற்கப்பட்டது; பள்ளியும் இடம் மாறியது; பெரியவரும் மறைந்தார். நாடா பழுதாகும் முன் கணினிக்கு மாற்றிவிட வேண்டுமென்று 2003ஆம் ஆண்டு நகரத்துக் கடையொன்றில் கொடுத்தோம். கடைக்காரர் தாம் வைத்திருந்த மென்பொருளுக்கே உரிய தனிவடிவில் அதனை மாற்றிக் குறுவட்டில் இட்டுத் தந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்நிறுவனம் அவ்வடிவைக் கைவிட்டிருந்தது. புதிய கணினிகளில் கோப்பு திறக்கவில்லை. மூல நாடாவிலோ பூஞ்சை படர்ந்திருந்தது. பூட்டிய பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் பூட்டுக்காரன் கொண்டு போய்விட்ட நிலைமை எங்களுடையது.

அப்பூட்டினைத் திறந்தது எது என்பதற்கு வருமுன், காணொளியைக் கணினியில் அடக்குவதிலுள்ள இடர்ப்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வழங்கிய தொலைக்காட்சி முறைப்படி ஒரு நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் 720க்கு 576 புள்ளிகள், அதாவது 4,14,720 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க மூன்று பைட்டுகள் எனக் கொண்டால், ஒரு நொடிக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள். ஒருமணி நேரத்திற்கு ஏறத்தாழ 112 ஜிகாபைட்டுகள். 1990களின் தொடக்கத்தில் ஒரு பள்ளியின் கணினிகள் அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் அதனை அடக்க இடம் போதாது.

ஆதலின் சுருக்குதல் இன்றியமையாததாயிற்று. 1988ஆம் ஆண்டு இத்தாலியரான லியோனார்தோ கியாரிலியோனே முதலியோரின் முயற்சியால் எம்பெக் என்னும் அனைத்துலக அறிஞர் குழு தோன்றியது. இக்குழு வகுத்த முறையின் உட்கருத்து எளிதே. ஆசிரியர் ஒருவர் கரும்பலகை முழுவதும் எழுதியபின், அடுத்த கணக்கிற்குப் பலகை முழுவதையும் அழித்து எழுதுவதில்லை. மாறிய எண்ணை மட்டும் துடைத்து மாற்றுகிறார். அதுபோன்றே முதற்படத்தை முழுமையாகப் பதிந்து, அடுத்து வரும் படங்களில் மாறிய பகுதியை மட்டும் பதிவது. ஓர் உருவம் இடம் பெயர்ந்தால், இத்துண்டு இத்துணைத் தொலைவு நகர்ந்தது என்று மட்டும் குறிப்பது. 1993ஆம் ஆண்டு வெளிவந்த வி.சி.டி. இம்முறையைப் பின்பற்றியே 74 நிமிடக் காட்சியை ஒரு குறுவட்டில் அடக்கியது. இரண்டு மூன்று வட்டுகளாக வந்த தமிழ்ப்படங்களை, இடையில் எழுந்து வட்டினை மாற்றி மாற்றிக் கண்டுகளித்த நம் தலைமுறைக்கு அது நினைவிருக்கும்.

வழிமுறையை உலகறிய அச்சிட்டு வெளியிட்டாயிற்று. ஆயினும், அதைச் செயற்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தன. இங்கேதான் நம் வரலாற்றின் மற்றொரு கிளையாறு வந்து கலக்கிறது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், அதன் மூல நிரலைப் படித்தறியலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்பன அவர் வலியுறுத்திய உரிமைகள். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பதால் மயக்கம் விளைவிக்கிறது. தமிழில் அம்மயக்கத்திற்கு இடமில்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. நிறுவனமொன்று விலையின்றித் தரும் மென்பொருளை அது நாளையே திரும்பப் பெறலாம். கட்டற்ற மென்பொருளை அவ்வாறு பெற இயலாது. 1989ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியான ஜி.பி.எல். என்னும் உரிமம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. மாற்றியமைத்து வெளியிடுவோர் தம் மாற்றத்தின் மூல நிரலையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அறிவைப் பெற்றவன் அதனைப் பூட்டி வைத்தலாகாது என்பதைச் சட்டமொழியில் சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படியிருக்கிறது அவ்வுரிமம்.

காணொளித் துறையில் இவ்வுரிமத்தைக் கையிலெடுத்தவர் யார் என்று பார்த்தால், திரைப்படத் தொழிலினர் அல்லர், பெரும்பாலும் மாணவர்கள். பாரிசு நகரையடுத்த சாத்தனே-மலாப்ரியில் எக்கோல் சந்த்ரால் என்னும் புகழ்வாய்ந்த பொறியியற் கல்லூரி இருந்தது. அதன் விடுதியிலிருந்த கணினி வலையமைப்பை மாணவர்களே பேணி வந்தனர். வலையமைப்பு மெதுவாக இயங்கியது. கணினி விளையாட்டுகளை விளையாட அது போதவில்லை என்பதே அவர்களுடைய மெய்யான குறை. இக்காரணத்தைச் சொன்னால் பணம் கொடுப்பார் எவருமிலர். தலைமையாசிரியனாகிய நானும் கொடுத்திருக்க மாட்டேன். ஆதலின் வேறொரு பயன் தேடினர். செயற்கைக்கோளினின்று வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஒரே ஏற்பியால் பெற்று, வலையமைப்பின் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்பினால் ஆளுக்கொரு கருவி வாங்கும் செலவு மிஞ்சும் என்பது அவர்கள் கண்ட வழி. 1996ஆம் ஆண்டு இவ்வாறு பிறந்ததே விடியோலான் திட்டம். 1998இல் அம்மென்பொருளை அடியினின்று மீண்டும் எழுதத் தொடங்கினர்.

மாணவர் செய்த பணியாயினும் அதனை உலகிற்கு வழங்கக் கல்லூரியின் இசைவு வேண்டியிருந்தது. நெடுநாள் வேண்டுகோளுக்குப்பின், 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் அதனை வெளியிடக் கல்லூரி இசைந்தது. இன்று உலகெங்கும் கணினிகளில் ஓடும் வி.எல்.சி. இயக்கி அதன் வழிவந்ததே. மாணவர் படைத்ததைத் தன் உடைமையாக முடக்கிக்கொள்ள அக்கல்லூரிக்கு வழியிருந்தும் அது அவ்வாறு செய்யவில்லை. கல்வி நிறுவனங்களை நடத்துவோர் நினைவிற்கொள்ளத்தக்க முடிவென்று இதனைக் கருதுகிறேன். வி.எல்.சி.யின் சின்னமாக விளங்கும் சாலைக் கூம்பு எங்கிருந்து வந்தது என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. அக்கல்லூரி மாணவர்கள் தெருவிலிருந்து எடுத்து வந்து விடுதியில் குவித்து வைத்திருந்த கூம்புகளின் நினைவாக வந்தது. அதை விளக்கும்போது, தெருக்கூம்புகளை எடுத்து வருதல் தவறு என்று சேர்த்துச் சொல்ல நான் மறப்பதில்லை.

இதே காலத்தில் வழக்குமன்றமும் இவ்வரலாற்றினுள் நுழைந்தது. டி.வி.டி. வட்டுகள் மறையீட்டுடன் வந்தன. உரிமம் பெற்ற கருவிகளில் மட்டுமே ஓடின. லினக்ஸ் இயக்குதளம் வைத்திருந்தோர் தாம் விலைகொடுத்து வாங்கிய வட்டையே காண இயலாதிருந்தனர். 1999ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மறையீட்டை அவிழ்க்கும் நிரல் ஒன்று வெளிவந்தது. அதில் பங்குகொண்ட நார்வே நாட்டு யோன் லெக் யோஹான்சன் அப்போது 15 வயதுச் சிறுவர். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003ஆம் ஆண்டு சனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அவ்வாண்டு இறுதியில் மேல்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தான் வாங்கிய வட்டைத் தன் கணினியில் காண்பது வேறு. பிறர் உழைப்பைப் படியெடுத்து விற்பது வேறு. இரண்டாவதை ஒருபோதும் ஏற்கலாகாது. முதலாவதைக் குற்றமென்று சொன்னது மிகை என்பதே என் கருத்து.

மிகப்பெரும் அடித்தளத்தை இட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. 1972ஆம் ஆண்டு பிறந்த ஃபப்ரீஸ் பெல்லார், 1997இல் பை என்னும் மாறிலியின் இரும இலக்கங்களை விரைந்து கணிக்கும் வாய்பாடு ஒன்றைக் கண்டவர். 2009ஆம் ஆண்டு இறுதியில் அம்மாறிலியை 2.7 டிரில்லியன் இலக்கம் வரை ஒரு மேசைக் கணினியைக் கொண்டே கணித்து உலகச் சாதனை புரிந்தவர். அத்தகையவர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது எஃப்.எஃப்.எம்பெக் என்னும் மென்பொருள். முதலில் ‘ழெரார் லாந்தோ’ என்ற புனைபெயரிலேயே எழுதினார். புனைபெயருக்குள் மறைந்து நின்று தொண்டாற்றுதல் எழுத்தாளர் சங்கத்தினராகிய நமக்குப் புதிதன்று.

எஃப்.எஃப்.எம்பெக்கைக் கண்டோர் முதலில் ஏமாற்றம் அடைவர். அதற்குச் சாளரமில்லை, பொத்தான் இல்லை. கரிய திரையில் ஒரு வரிக் கட்டளை எழுதினால் வேலை நடக்கும், அவ்வளவே. அது செய்யும் பணியை விளங்கிக்கொள்ள நம் பாட்டிமார் தோட்டத்திற்குச் சோறு கொண்டுபோன அடுக்குப் பாத்திரத்தை எண்ணிப் பார்க்கலாம். காட்சி ஓர் அடுக்கு, ஒலி ஓர் அடுக்கு, அடிவரி ஓர் அடுக்கு, பிடி ஒன்றே. பிடியை மட்டும் மாற்றினால் கோப்பின் வெளிவடிவம் மாறும். அடுக்கிலுள்ளதைத் திரும்பச் சமைத்தால் உள்வடிவம் மாறும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல், வெளிவடிவை மட்டும் மாற்றினாற் போதுமான இடத்தில் அனைத்தையும் மீண்டும் சுருக்கிக் காட்சியின் தெளிவைக் கெடுத்துக்கொள்ளும் பிழையை ஆசிரியர் பலர் செய்கின்றனர்.

பெல்லாருக்குப்பின் ஆஸ்திரிய நாட்டு மிக்கேல் நீடர்மையர் நெடுங்காலம் தலைமை ஏற்றார். உலகின் பல பாகங்களிலிருந்து தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தனர். கைவிடப்பட்ட, பூட்டப்பட்ட, விளக்கக் குறிப்பே இல்லாத பழைய வடிவங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து திறக்கும் வழிகளை அவர்கள் எழுதிச் சேர்த்தனர். ஓலைச்சுவடியில் சிதைந்த எழுத்தை உய்த்துணர்ந்து பாடம் காணும் பதிப்பாசிரியரின் உழைப்பு இது. 2011ஆம் ஆண்டு அக்குழுவினரிடையே பிணக்கு முற்றி, ஒரு சாரார் லிபாவ் என்ற பெயரில் பிரிந்தனர். டெபியன் என்னும் இயக்குதளம் முதலில் பிரிந்தவர் பக்கம் சாய்ந்து, 2015இல் எஃப்.எஃப்.எம்பெக்கிற்கே மீண்டது. மூல நிரல் பொதுவுடைமையாக இருந்தமையால் பிணக்கில் எதுவும் அழியவில்லை. ஒருவர் எழுதிய நல்லதை மற்றவர் எடுத்துக்கொள்ளவும் தடையில்லை. நம் சங்கங்கள் பிளவுபடும்போது உறுப்பினர் பட்டியலும் பழைய இதழ்களும் யார் வீட்டிலோ முடங்கிப் போவதைக் கண்டவர்களுக்கு இவ்வேறுபாடு உறைக்கும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் செவ்வாய்க் கோளில் பெர்செவரென்ஸ் ஊர்தி இறங்கிய காட்சியைப் பதிந்த கருவித்தொகுதியிலும் இம்மென்பொருள் இடம்பெற்றிருந்தது.

எங்கள் பெட்டியின் பூட்டைத் திறந்ததும் இதுவே. முன்னாள் மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியைக் கொணர்ந்து அக்கோப்பை எஃப்.எஃப்.எம்பெக்கிடம் கொடுத்தார். ஒரே வரிக் கட்டளை. திரையில் எண்கள் ஓடின. சில நிமிடங்களில் பெரியவரின் முகம் தோன்றியது. அறையிலிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் அப்பெரியவரிடம் பயின்றவர்.

படத்தொகுப்புக் கருவிகளின் கதையில் அச்சத்திற்கும் இடமுண்டு. அமெரிக்காவில் கல்லூரி மாணவராயிருந்தபோது ஏவரி லீ என்பார் வர்ச்சுவல்டப் என்னும் எளிய வெட்டுக்கருவியை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் காப்புரிமையைச் சுட்டிக்காட்டவே, அந்நிறுவனத்தின் ஒருவகைக் கோப்பைத் திறக்கும் வசதியை அவர் நீக்க நேர்ந்தது. 2001இல் பிராட்காஸ்ட் 2000 என்னும் தொகுப்பு மென்பொருளைச் சட்டப்பொறுப்பிற்கு அஞ்சி அதன் ஆசிரியர்களே திரும்பப் பெற்றனர். ஆயினும் அடுத்த ஆண்டே அது சினெலெரா என்ற பெயரில் புத்துருப் பெற்றது. அதே 2002இல் கேடென்லைவ் தொடங்கப்பெற்றது. 2008இல் ஓப்பன்ஷாட் வந்தது. பின்னர் ஷாட்கட் வந்தது. இவை மூன்றும் ஆசிரியர்கள் எளிதில் பழகத்தக்கவை. மூன்றுமே அடியில் எஃப்.எஃப்.எம்பெக்கின் தோள்மீது நிற்பவை. சுருக்குவதற்கு மட்டுமான ஹேண்ட்பிரேக் 2003இல் தோன்றியது, அதுவும் அவ்வாறே.

பிளெண்டரின் கதை தனியே சொல்லத்தக்கது. நெதர்லாந்து நாட்டு தோன் ரோசன்டால் தம் அசைவூட்டப்பட நிலையத்தின் தேவைக்காக 1994 முதல் உருவாக்கிய முப்பரிமாண மென்பொருள் அது. அதை விற்பதற்கு அமைத்த நிறுவனம் 2002இல் நொடித்தது. கடன்காரர் கையில் மூல நிரல் சிக்கியது. அதனை மீட்க ஒரு இலட்சம் யூரோ வேண்டும் என்று அவர் பயனாளரிடம் வேண்டினார். ஏழே வாரங்களில் அத்தொகை சேர்ந்தது! 2002ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் பிளெண்டர் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியாயிற்று. அடைமானத்தில் மூழ்கிய நிலத்தை ஊர்கூடி மீட்டு ஊர்ப்பொதுவாக்கியது போன்றது இச்செயல். முப்பரிமாண வேலைக்கே அது பெயர்பெற்றது எனினும், அதனுள் படத்தொகுப்புப் பகுதியும் உண்டு.

இனி, சப்டைட்டில் என்று பேச்சில் வழங்கும் அடிவரியைப் பற்றிக் கூற வேண்டும். தமிழாசிரியர்க்கு இதுவே முதன்மையானது. 1980களின் இறுதியில் சப்பானிய அசைவூட்டப் படங்களில் ஈடுபாடு கொண்ட அமெரிக்க இளைஞர்கள், அமிகா என்னும் கணினியையும், எழுத்தையும் படத்தையும் இணைக்கும் ஜென்லாக் என்னும் கருவியையும் கொண்டு அடிவரி இட்டனர். பெரும்பொருட்செலவு. 1990களில் அப்பணி மென்பொருள் வசமாயிற்று. 2005இல் இத்தகைய ஆர்வலர்களாலேயே ஏஜிசப் உருவானது. ஒலியலையைத் திரையில் வரைந்து காட்டி, சொல் தொடங்கும் கணத்தையும் முடியும் கணத்தையும் குறிக்க வழிசெய்யும் கருவி இது. பாடலின் ஒவ்வோர் அசையும் ஒலிக்கும்போது நிறம் மாறும்படியும் செய்யலாம். முதலாம் ஆண்டு மாணவர்க்கு வாசிப்புப் பழக்க இதனினும் ஏற்ற உத்தியை நான் கண்டதில்லை. அவ்விளைஞர்கள் இசைவு பெறாமல் பிறர் படங்களுக்கு அடிவரியிட்டுப் பரப்பியது சரியன்று. அதன் பொருட்டு அவர்கள் ஆக்கிய கருவியோ நல்ல கருவி.

அடிவரிக் கோப்புகளுள் மிகப் பரவியது சப்ரிப் என்னும் மென்பொருள் வழிவந்த எஸ்.ஆர்.டி. வடிவம். அதன் அமைப்பு ஓர் ஏட்டுக்குறிப்பைப் போன்று எளியது:

1
00:01:12,500 --> 00:01:15,800
மழை பெய்தால் பாடம் கேளாது.

வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், சொற்கள். நொடியின் பின்னத்திற்கு முன் புள்ளிக்கு மாறாகக் காற்புள்ளி நிற்பதைக் காண்க. சப்ரிப் பிரான்சு நாட்டில் எழுதப்பட்டமையால் அந்நாட்டு வழக்கம் உலக வழக்காயிற்று. காற்புள்ளியிருக்கும் இடத்தில் புள்ளியிட்டுவிட்டு, வரி தோன்றவில்லையே என்று சில இயக்கிகளின் முன் திகைத்து அமர்ந்தோர் எங்கள் பள்ளியில் உண்டு.

ஆங்கில அடிவரிக்கு இவ்வளவு போதும். தமிழுக்குப் போதவில்லை. இரு தடைகள் குறுக்கிட்டன. முதலாவது, எழுத்துக் குறியீடு. எஸ்.ஆர்.டி. கோப்பு தன் எழுத்து எம்முறையில் பதியப்பெற்றதென்று தானே கூறாது. 1990களில் தமிழுக்கு எழுத்துரு தோறும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்தது மற்றொன்றில் ஐரோப்பியக் குறிகளின் குப்பையாகத் தெரிந்தது. இத்துன்பத்தைத் தீர்க்க முயன்றோருள் நம் வட்டாரத்தார் முன்னணியில் நின்றனர். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளின் வழியே தமிழைக் கணினியில் நிலைபெறச் செய்தவர். 1997இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாடு இதன்பொருட்டே அறிஞர்களை ஒன்று கூட்டியது. முரசு கட்டற்ற மென்பொருள் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் தமிழ் எழுதப் பழகிய கைகளை அது உருவாக்கித் தந்தது. 1991இல் வெளியான யுனிகோடில் தமிழுக்கு இடமிருந்தும், அது நடைமுறையில் வேரூன்றப் பல்லாண்டுகள் ஆயின.

இரண்டாவது தடை நுட்பமானது. யுனிகோடில் ‘மெய்’ என்னும் சொல்லைச் சேமிக்கும்போது மகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அதன் பின்னும் நிற்கும். ஒலிக்கும் முறைப்படி அது சரியே. ஆனால் திரையில் வரையும்போது கொம்பை எடுத்து மகரத்தின் முன்னே வைத்தல் வேண்டும். ‘மொ’ என்பதாயின் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துதல் வேண்டும். எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க மட்டுமே அறிந்த காணொளி இயக்கி என்ன செய்யும்? மகரத்தைத் தனியே நிறுத்தி, கொம்பை யகரத்தின் தலைப்பக்கம் ஒட்டிவிடும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வேறுபடுத்த வீரமாமுனிவர் பட்ட பாடு அறிந்த நம் மாணவர்கள், இடம்மாறிய கொம்பைக் கண்டு சிரித்தனர். சிரிப்புக்குரிய செய்தியன்று அது. எழுத்துக் கற்கும் குழந்தைமுன் பிழையான எழுத்தைத் திரையிலிடுவதைவிட எழுத்தே இடாமலிருப்பது நன்று.

இதைத் தீர்த்தது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் இஸ்ஃபஹ்பொத் இதன் முதன்மை ஆசிரியர். பெயரே பாரசீகம், ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து. மலாய்மொழியில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘ஹுருஃப்’ என்னும் சொல்லும் அதே அரபு வேரினின்று வந்ததே. அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து உருமாறுபவை; தேவநாகரியும் தமிழும் குறிகளை முன்பின்னாக மாற்றுபவை. இவையனைத்தையும் உரிய வடிவில் அடுக்கித் தருவது ஹார்ஃப்பஸின் பணி. எம்பிளேயர் என்னும் அங்கேரிய நாட்டில் தோன்றிய இயக்கிக்காக எழுதப்பெற்ற லிபாஸ் என்னும் அடிவரி வரையும் மென்பொருள், 2011ஆம் ஆண்டு வாக்கில் ஹார்ஃப்பஸைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. லிபாஸைப் பயன்படுத்தும் வி.எல்.சி., எஃப்.எஃப்.எம்பெக் முதலியனவும் அதனால் தமிழைப் பிழையின்றி வரையும் ஆற்றல் பெற்றன. தமிழருக்காக எவரும் தனியே அங்குப் போராடவில்லை. பாரசீகம் பேசுவோர்க்குத் தேவைப்பட்ட ஒன்று, வழி திறந்திருந்தமையால், நமக்கும் வந்து சேர்ந்தது. வணிக நிறுவனமொன்றிடம் இதே திருத்தத்தைக் கேட்டிருந்தால், உங்கள் மொழியில் எத்தனை படிகள் விற்கும் என்பதே முதற்கேள்வியாக வந்திருக்கும்.

தமிழ் அடிவரியைப் பற்றி என் பட்டறிவில் கண்ட ஒன்றையும் கூறிவிடுகிறேன். தமிழ்ச்சொல் நீளமானது, விகுதியும் வேற்றுமையும் ஏறிய சொல் ஒன்றே அரைவரி கொள்ளும். ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களுக்குமேல் இட்டால் நான்காம் ஆண்டு மாணவரால் வாசித்து முடிக்க இயலவில்லை. பேச்சை அப்படியே பெயர்க்காமல் சுருக்கி எழுத நேர்கிறது. கருத்து வரைவு கற்பிக்க அருமையான வாய்ப்பு இது.

காப்பகங்களைப் பற்றிச் சில சொற்கள். நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது இழப்பு நேராமல் சுருக்க வேண்டும். ஐம்பதாண்டு கழித்தும் திறக்க வேண்டும். எஃப்.எஃப்.எம்பெக் குழுவினுள்ளேயே 2003ஆம் ஆண்டில் நீடர்மையர் உருவாக்கிய எஃப்.எஃப்.வி.1 என்னும் முறை இவ்விரண்டிற்கும் ஏற்றது. வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய ஊடகக் காப்பகம் இதனை முன்னோடியாகக் கைக்கொண்டது. 2021இல் இது இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாக வெளியாயிற்று. இதனை ஏந்தும் அடுக்குப் பாத்திரமாகிய மட்ரோஸ்கா வடிவும் 2024இல் அவ்வாறே ஆவணமாயிற்று. விளக்கம் முழுவதும் அச்சில் இருப்பதால், இன்றைய மென்பொருள்கள் அனைத்தும் மறைந்தாலும் நாளை ஒருவர் அதைப் படித்துப் புதிதாக எழுதித் திறக்க இயலும். 2003இல் நாங்கள் கடைக்குப் போனபோது இதை அறிந்திருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும்!

மீட்ட கோப்பை இம்முறையில் இரு வன்தட்டுகளில் சேமித்திருக்கிறோம். பெரியவரின் உரை முழுவதும் தெளிவாக இல்லை. அன்று நல்ல மழை; தகரக் கூரைமீது கொட்டிய ஓசை ஒலிவாங்கியில் ஏறியிருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர் எண்மரும் ஆசிரியர் இருவரும் சேர்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டு, ஏழு வாரங்களில் அடிவரி எழுதினர். மேலே எடுத்துக்காட்டாக இட்ட வரி அவ்வுரையிலுள்ளதே. கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர் அதைக் கூறுகிறார். முதற்பள்ளிக்குப் பலகை கொடுத்தவர் பெயரைச் சொல்லுமிடத்தில் மட்டும் மழை வலுத்துவிட்டது. உதட்டசைவைக் கொண்டு மூன்று பெயர்களை ஊகித்தோம். எதையும் எழுதத் துணியவில்லை. நேரக் குறிப்பை மட்டும் இட்டு அவ்வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். அத்தோட்டத்தில் வாழ்ந்தோர் எவரேனும் பெயரை அறிந்து கூறினால், கோப்பைத் திறந்து எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.